தொப்பி பறக்காத காதிஸ்

லெவாந்தே காற்று வீச ஆரம்பித்துவிட்டால் எங்கள் துறைமுக ஊரான காதிஸில் யாரும் முக்கியமான முடிவு எதுவும் எடுக்கமாட்டார்கள். நிலம் வாங்கமாட்டார்கள், காதலைச் சொல்லமாட்டார்கள், முடி வெட்டிக்கொள்ளக்கூடப் போகமாட்டார்கள். அந்த வாரம் திங்கட்கிழமை கிழக்கிலிருந்து கிளம்பிய காற்று வியாழக்கிழமை காலையிலும் அடங்கவில்லை. ஊரில் பாதிப் பேர் தலைவலியோடு திரிந்தார்கள். மீதிப் பேர் மொட்டைமாடியிலிருந்து பறந்துபோன போர்வைகளைத் தேடித் திரிந்தார்கள்.

அந்தக் காற்றில் ஒரு பெண் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் தெருவுக்குள் நுழைந்தாள்.

"வடக்கத்திக்காரி ஒருத்தி வர்றா தலைவி," என்றேன் ஜன்னலில் சாய்ந்தபடி.

"எப்படிச் சொல்ற?" கசில்தா நிமிராமல் கேட்டார்.

"வெயில் அடிக்குது, குடை வச்சிருக்கா. லெவாந்தே அடிக்குது, அதை விரிச்சிருக்கா." கீழே படீரென்று ஒரு சத்தம். "இப்ப குடை இல்ல. கைப்பிடி மட்டும் வச்சிருக்கா."

கசில்தா ரெண்டோன் துப்பறியும் நிலையம் ஒரு பொரித்த மீன் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. படியேறி வருகிறவர்கள் என்ன துக்கத்தோடு வந்தாலும் மேலே வந்து சேரும்போது பசியோடுதான் இருப்பார்கள். கசில்தாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. இதற்கு முன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், கடிக்காத நாய் கடித்ததாகவும் விழாத மாமனார் விழுந்ததாகவும் வருகிற கதைகளைப் பிடித்துக்கொடுக்கிற வேலை பார்த்தவர். நான் சானோ, அவருடைய உதவியாளன். கார்னிவல் சமயத்தில் கேலிப்பாட்டுக் குழுவில் பாடுவேன். மற்ற மாதங்களில் பாடாமல் இருப்பதற்காகத்தான் எனக்குச் சம்பளம் என்று தலைவி சொல்வார்.

வந்தவள் பெயர் கொவாதொங்கா. கொவா என்று கூப்பிட்டால் போதும் என்றாள். முப்பது வயதிருக்கும். வடக்கே ஒவியேதோவில் பிறந்தவள், ஆறு வருடமாக லான்சரோத்தே தீவில் கால்நடை மருத்துவர். அங்கே சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கிற ஒட்டகங்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே தீவில் அவளுக்குக் கல்யாணம்.

"எங்க அப்பாவைக் காணோம்," என்றாள்.

கசில்தா நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் சொன்ன கதை இது.

அப்பா எவெலியோ ஆயுசு பூராவும் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தில் கால் வைத்ததே இல்லை. லிஃப்ட் கயிற்றில் தொங்குகிறது, விமானம் எதில் தொங்குகிறது என்று கேட்பார். யாராவது பதில் சொன்னால் காதில் வாங்கமாட்டார். அதனால் மகள் வாழ்கிற தீவை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. கல்யாணம் நிச்சயமானதும் இதுவே பெரிய சண்டையானது. போன மாதம் போனில் கொவா கத்திவிட்டாள்.

"என் கல்யாணத்துக்குக்கூட விமானம் ஏற முடியலைன்னா, எனக்கு அப்பாவே இல்லைன்னு நினைச்சுக்கறேன்னு சொல்லிட்டேன்," என்றாள். அதைச் சொல்லும்போது எங்களைப் பார்க்காமல் குடைக் கைப்பிடியையே பார்த்தாள்.

ஒரு வாரம் கழித்து அப்பாவே கூப்பிட்டாராம். பறக்கத் தயார், ஆனால் முதலில் ஒரு சின்னப் பயிற்சி வேண்டும் என்றாராம். ஒவியேதோவிலிருந்து செவில் வரை குட்டி விமானம், அங்கிருந்து ரயிலில் காதிஸ், சில நாட்கள் ஊரைச் சுற்றிப் பார்த்து மனசைத் தேற்றிக்கொண்டு, சனிக்கிழமை செவிலிலிருந்து தீவுக்குப் பெரிய விமானம். கல்யாண உடை வாங்க ஊருக்கு வந்திருந்த கொவாவே திங்கட்கிழமை அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டாள். கட்டிப்பிடித்தாள். அவர் சின்னப் பெட்டியோடு உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தாள்.

அதன்பின் தினமும் காலையில் காதிஸிலிருந்து ஒரு படம் வருகிறது. போன் செய்தால் எடுப்பதில்லை. ஹோட்டலைக் கூப்பிட்டுக் கேட்டால், அந்தப் பெயரில் யாரும் வந்து தங்கவே இல்லை என்கிறார்கள். காலை விமானத்தைப் பிடித்து, செவிலில் இறங்கி, ரயிலேறி நேராக இங்கே வந்துவிட்டாள்.

"யாரோ அவரைப் பிடிச்சு வச்சுக்கிட்டு அவர் போன்ல இருந்து படம் அனுப்பறாங்க," என்றாள். வெளியூரில் கடத்தப்பட்டவர்களைப் பற்றி வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்திருக்கிறாள் என்று தெரிந்தது.

கசில்தா போனை வாங்கிப் பார்த்தார். மூன்று படங்கள். மஞ்சள் கும்மட்டத்தோடு கதீட்ரல். பழைய கோட்டைவாசல். லா கலேத்தா கடற்கரை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே மாதிரி வாசகம். 'ஊர் அழகு. சாப்பாடு நன்று. கவலை வேண்டாம்.'

"உங்கப்பா இப்படித்தான் எழுதுவாரா?"

"லிஃப்ட்ல மாட்டற அறிவிப்பு மாதிரிதான் எப்பவும் எழுதுவார்."

"அப்ப எழுதினது அவர்தான்." கசில்தா போனை என்னிடம் நீட்டினார். "என்ன தெரியுது?"

தலைவி இப்படிக் கேட்கும்போது அவருக்கு ஏற்கெனவே விடை தெரிந்திருக்கும். என்னை ஒரு சுற்றுச் சுற்றவிட்டுப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். நான் கதீட்ரல் படத்தைப் பெரிதாக்கினேன்.

"முதல்ல, படத்துல நிக்கற இந்த அம்மா தொப்பி வாங்கின கடை எதுன்னு தெரியணும். என் தொப்பி செவ்வாய்க்கிழமை பறந்துபோய் மேயர் வீட்டு பால்கனியில கிடக்குது. இவங்களுது பசை போட்ட மாதிரி தலையிலயே உட்கார்ந்திருக்கு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே உறைத்தது. "இருங்க. பனைமரம்கூட ஆடாம நிக்குதே."

"செவ்வாய்க்கிழமை வந்த படம் அது," என்றார் கசில்தா. "செவ்வாய்க்கிழமை அந்தச் சதுக்கத்துல காத்துக்கு நாற்காலியே நடந்துபோச்சு. இந்த வாரம் எடுத்த படம் இல்லம்மா இது. மூணுமே இல்ல. காற்று வர்றதுக்கு முன்னாடி யாரோ எடுத்து வச்சது."

கொவாவின் முகம் வெளுத்தது. "அப்ப அப்பா எங்க?"

"அதுக்கு முன்னாடி, எடுத்தது யாரு? சானோ, இன்னொரு தடவை பாரு. இதுல இருக்கறவங்க எல்லாம் எப்படி இருக்காங்க?"

பார்த்தேன். வழுக்கைகள். வகிடுகள். தொப்பியின் மேல்பாகங்கள். மூன்று படத்திலும் ஒருத்தருக்கும் முகம் இல்லை, உச்சந்தலை மட்டும்தான்.

"கடத்தினவன் ரொம்ப உயரமானவன்," என்றேன்.

கசில்தா ஜன்னலைக் காட்டினார். தெருமுனையில், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிற கூரையில்லாத சிவப்பு மாடிபஸ் திரும்பிக்கொண்டிருந்தது. மேல்தட்டில் இருந்தவர்கள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரைப் படத்தின் ஓரத்தில் ஒரு மஞ்சள் கம்பியின் நுனி தெரிந்தது. மற்ற பஸ்களில் எல்லாம் மேல்கம்பி கறுப்பு. ஒரே ஒரு கிழட்டு பஸ்ஸில் மட்டும் மஞ்சள்.

"லொரெத்தோ அக்காவோட பஸ்," என்றேன்.

* * *

லொரெத்தோவைத் தெரியாதவர்கள் காதிஸில் இல்லை. இருபது வருடமாக அந்த பஸ்ஸின் மேல்தட்டில் நின்றுகொண்டு, கையில் மைக்கோடு, ஊரைப் பற்றி உண்மையும் பொய்யும் சம அளவில் கலந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் நகரமன்றச் சதுக்கத்தில் ஏறினோம். காலையில் துறைமுகத்துக்கு ஒரு உல்லாசக் கப்பல் வந்திருந்ததால் பஸ் நிறைந்திருந்தது. வெளிநாட்டுத் தாத்தாக்கள் எல்லாம் தொப்பிக்குப் பதில் கைக்குட்டையைத் தாடையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பல்வலிக்காரர்களின் ஊர்வலம் மாதிரி இருந்தது.

நான் ஏறும்போது கீழ்க்கடையிலிருந்து ஒரு காகிதக் கூம்பு நிறைய மசாலா மீன் வாங்கிவந்திருந்தேன். முதல் திருப்பத்திலேயே காற்று கூம்பைக் காலி செய்துவிட்டது. பின்சீட்டு அம்மா மடியில் விழுந்த துண்டுகளை அது சுற்றுலாக் கட்டணத்தில் சேர்த்தி என்று நினைத்துச் சாப்பிட்டார்.

"நீங்கள் இடப்பக்கம் பார்ப்பது மூவாயிரம் வருஷப் பழசு," என்று லொரெத்தோ மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தார். "வலப்பக்கம் அதைவிடப் பழசு. நடுவில் நிற்கிற நான் மட்டும்தான் புதுசு. இப்போது வரப்போவது நமது புகழ்பெற்ற..."

அந்த இடத்தில் அவர் பார்வை கொவா மேல் விழுந்தது. வாய் திறந்தபடியே நின்றது. மஞ்சள் கும்மட்டம் வெயிலில் தகதகவென்று எங்களைக் கடந்துபோனது.

"...பஸ் நிலையம்," என்று முடித்தார் லொரெத்தோ.

பல்வலித் தாத்தாக்கள் கதீட்ரலைப் பஸ் நிலையம் என்று நினைத்துப் படம் எடுத்துத் தள்ளினார்கள்.

கசில்தா என் பக்கம் சாய்ந்தார். "நாம இன்னும் வாயே திறக்கலை. அவளுக்கு இந்தப் பொண்ணைத் தெரிஞ்சிருக்கு."

லா கலேத்தாவில் பஸ் கொஞ்ச நேரம் நிற்கும். பயணிகள் இறங்கிக் கடற்கரையைப் பார்க்கப் போனதும் கசில்தா நேராக லொரெத்தோவின் முன்னால் போய் நின்றார். எவெலியோ எங்கே என்று கேட்டார். லொரெத்தோ அப்படி யாரையும் தெரியாது என்றார். படங்களைக் காட்டினோம். இந்த ஊரில் படம் எடுக்காதவர் யார் என்றார். மஞ்சள் கம்பியைக் காட்டினோம். கம்பி எல்லா ஊரிலும் இருக்கிறது என்றார்.

கொவா அவர் எதிரில் வந்து நின்றாள். "நீங்க யாரா வேணா இருங்க. அவர் உயிரோட இருக்காரா, அதை மட்டும் சொல்லுங்க."

லொரெத்தோவுக்கு அது தாங்கவில்லை. "ஐயோ, நல்லா இருக்காரு தங்கம். காலையில கூட காபி குடிச்சேன்னு மெசேஜ் வந்துச்சு. அதுக்கு மேல கேக்காத. வாக்கு குடுத்திருக்கேன்."

கொவா சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை அப்போதுதான் விட்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் அடுத்த மூச்சிலேயே அவளுக்குக் கோபம் வந்தது. அப்படியானால் அவர் எங்கே, ஏன் இந்த நாடகம், இந்த அம்மா யார் என்று வரிசையாகக் கேட்டாள். லொரெத்தோ வாயைப் பூட்டிக்கொண்டார். இந்த ஊரில் ஒரு வழிகாட்டி வாயை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உதவி செய்தது லெவாந்தே. சீட்டில் இருந்த லொரெத்தோவின் கைப்பையை ஒரு வீச்சில் கவிழ்த்தது. சீப்பு, சாவி, விசிறி எல்லாம் உருண்டன. கூடவே மருந்துக்கடைப் பை ஒன்று. நான் பாய்ந்து பிடித்தேன். உள்ளே குமட்டலுக்கான மாத்திரைகள், மூன்று பெட்டி.

"யாருக்கு?" என்றார் கசில்தா.

"எனக்குத்தான். பஸ் ஆடுது இல்ல."

"இருபது வருஷமா இதே மேல்தட்டுல நின்னுகிட்டு இறால் வடை சாப்பிடறவ நீ. உன்னை நான் பார்த்ததில்லையா?" கசில்தா பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கொவாவிடம் கேட்டார். "உங்கப்பா விமானத்துக்குத்தானே பயப்படறாரு? தண்ணிக்கு?"

"தண்ணிக்கு என்ன? சின்ன வயசுல மீன்பிடிப் படகுல போவாராம். அப்பல்லாம் வயித்தைப் புரட்டும்னு சொல்வார். ஏன் கேக்கறீங்க?"

கசில்தா துறைமுகம் இருக்கிற பக்கம் கையை நீட்டினார். "லான்சரோத்தேக்குக் கப்பல் எந்த ஊர்ல இருந்து போகுதுன்னு யோசிச்சுப் பாருங்க."

எனக்கு என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. தீவுக்குப் போகிற கப்பல் வாராவாரம் எங்கள் ஊரிலிருந்துதான் புறப்படுகிறது. அதன் சங்கொலிக்கு நான் கடிகாரம் சரிசெய்வேன். அந்த மனிதர் ஊர் பார்க்க வரவில்லை. விமானப் பயிற்சிக்கும் வரவில்லை.

"இன்னைக்கு மதியக் கப்பல்," என்றார் லொரெத்தோ மெல்ல. "இனிமே மறைச்சு என்ன?"

அதன்பின் மடை திறந்துவிட்டது. ஒரு குளிர்காலத்தில் லொரெத்தோ ஒவியேதோவில் இருக்கிற தன் அக்கா மகளைப் பார்க்கப் போயிருந்தார். அங்கே ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. வெளியே பனி கொட்டியதால் ஆள் வர நேரமாகும் என்றார்கள். உள்ளே தனியாக மாட்டிக்கொண்டு அலறியவரிடம், சுவரில் இருந்த ஒலிபெருக்கி வழியாக ஒரு குரல் மதியம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தது.

"ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன அர்த்தம்னு சொல்வாரு. டக்குனு கேட்டா, அது பிரேக்கு, உங்களைப் பிடிச்சுக்கிட்டிருக்கு, பயப்படாதீங்கன்னு சொல்வாரு." லொரெத்தோ கொவாவைப் பார்க்காமல் கடலைப் பார்த்துச் சொன்னார். "வெளிய வந்ததும் நன்றி சொல்ல நம்பர் வாங்கினேன். இன்னும் சொல்லி முடியலை."

மீதியும் வந்தது. திங்கட்கிழமை எவெலியோ விமானம் ஏறவில்லை. மகள் கார் கண்ணை விட்டு மறைந்ததும் வேறு வாசலால் வெளியே வந்து, பஸ் பிடித்து, ரயில் மாறி, ஒவ்வொரு ஊராக இரவு தங்கி, நாடு முழுவதையும் தரையிலேயே கடந்து வந்துகொண்டிருக்கிறார். லொரெத்தோ முன்பே எடுத்து அனுப்பிய படங்களைத் தினம் ஒன்றாக மகளுக்குத் தள்ளிவிட்டார். போனை எடுத்தால் பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டுவிடும் என்பதால் எடுக்கவில்லை. தீவில் இறங்கியதும், விமானத்தில் வந்தேன் என்று சொல்வதாகத் திட்டம்.

"காத்து வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் லொரெத்தோ. "நல்ல வெயில்ல நல்ல படமாத்தான் எடுத்தேன்."

கொவா எழுந்தாள். "கப்பல் எப்ப?"

லொரெத்தோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் முகமே பதில் சொல்லிவிட்டது.

பஸ் இன்னும் பூங்கா, கடற்சுவர், பீரங்கி என்று சுற்றித்தான் துறைமுகம் போகும். லொரெத்தோ மாடிப்படியில் குனிந்து டிரைவரிடம் எங்கும் நிற்காமல் விரட்டு என்றார். பிறகு கடற்கரையைப் பார்த்து மைக்கில் ஒரு அறிவிப்பு செய்தார். இன்று சிறப்பு ஏற்பாடாக, வேகத்தில் ஊரைப் பார்க்கலாம், உடனே ஏறுங்கள் என்று. தாத்தாக்கள் மணலோடு ஓடிவந்து ஏறினார்கள். பூங்காவை நாங்கள் கடந்தபோது, "பூங்கா" என்றார் லொரெத்தோ. பீரங்கியைக் கடந்தபோது, "பீரங்கி" என்றார். இருபது வருடத்தில் அவர் சொன்னதிலேயே முழுக்க உண்மையாக இருந்த சுற்றுலா அதுதான். இறங்கும்போது எல்லோரும் கைதட்டினார்கள்.

* * *

கப்பலுக்கான வரிசை பாதிக்கு மேல் உள்ளே போயிருந்தது. வரிசையின் கடைசியில், சின்னப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார் ஒருவர். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டை, கசங்கிவிடக்கூடாது என்று உடம்பிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த உத்தி பலிக்கவில்லை. முதுகெல்லாம் ரயில் சீட்டின் கோடுகள்.

அவர் மகளைப் பார்த்ததும் எழுந்தார். ஓடலாமா என்று ஒரு கணம் யோசித்ததுகூட எனக்குத் தெரிந்தது. பின்னால் கடல். நின்றுவிட்டார்.

கொவா ஆரம்பித்தாள். நான் கார்னிவல் மேடைகளில் பெரிய பெரிய வசைகளைக் கேட்டவன். மூச்சு விடாமல் இவ்வளவு நேரம் ஒருவர் திட்டிக் கேட்டதில்லை. பொய், ஹோட்டல், போன், மூன்று இரவுத் தூக்கம் எல்லாம் வந்தது. வரிசை நகர்ந்தது. எவெலியோ பெட்டியை இழுத்துக்கொண்டு நகர்ந்தார். திட்டிக்கொண்டே அவளும் நகர்ந்தாள். நாங்களும் நகர்ந்தோம்.

"ஏறித்தான் தொலைச்சிருக்கலாமே," என்றாள் கடைசியில். "எல்லாரும் ஏறலையா?"

"ஏறப் போனேன்மா," என்றார் எவெலியோ. "போன மாசம் நீ கத்தினதுமே ஒரு டிக்கெட் எடுத்து, விமானத்துக் கதவு வரைக்கும் போனேன். உள்ள டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சு. வாசல்ல நின்ன பணிப்பொண்ணுகிட்ட இது என்ன சத்தம்னு கேட்டேன். அது சிரிச்சுக்கிட்டே உட்காருங்க சார்னு சொல்லுச்சு. அதுக்கும் என்னன்னு தெரியலை, எனக்கும் தெரியலை. திரும்பிட்டேன்."

"அப்படியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ அப்பாவே இல்லைன்னுட்டியே."

காற்று கொவாவின் முடியை முகத்தில் அப்பியது. அதை அவள் விலக்கக்கூட இல்லை.

"செத்துப்போயிடுவேன்னு எனக்குப் பயம் இல்ல," என்றார் அவர். "உன் கல்யாணத்துக்கு வர்ற வழியில செத்துப்போனா, நீ காலம் பூரா நான்தான் அவரை ஏறச் சொன்னேன்னு உட்கார்ந்து அழுவ. அதுக்குத்தான் பயம். மெதுவா வந்தாலும் வந்துடுவேன்ல. வந்துட்டிருக்கேன்ல."

இதற்குள் வரிசை முடிந்து, டிக்கெட் பார்க்கிற ஆள் முன்னால் வந்து நின்றிருந்தார்கள். எவெலியோ கோட்டுப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினார். இரண்டு டிக்கெட். எனக்குப் பக்கத்தில் லொரெத்தோ அசைந்தார். அவரையும் கல்யாணத்துக்கு வரச்சொல்லி எவெலியோ எடுத்தது அது என்று பிற்பாடு தெரிந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு எப்படி வருவது என்று லொரெத்தோ மறுத்துவிட்டாராம். இருக்கட்டும் என்று எவெலியோ எடுத்தே வைத்திருக்கிறார்.

கொவா அதையெல்லாம் கவனிக்கவில்லை. மறுபடி ஆரம்பித்திருந்தாள். ஆனால் இந்தமுறை வேறு மாதிரித் திட்டு. கோட்டை ஏன் இப்படிக் கசக்கினீங்க, வழியில என்ன சாப்பிட்டீங்க, பிரஷர் மாத்திரை எங்கே. டிக்கெட் ஆள் அடையாள அட்டை கேட்க வாயெடுத்தார். கொவா அவர் பக்கம் திரும்பாமலே ஒரு விரலை நீட்டி, "ஒரு நிமிஷம்," என்றாள். அவர் இன்னொரு முறை முயன்றார். மறுபடி விரல். மூன்றாவது முறை அவர் முயலவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து வழிவிட்டார். அப்பாவின் கோட்டு முதுகைத் தட்டித் தட்டி நீவிக்கொண்டே அவளும் கப்பலுக்குள் போகிற பாலத்தில் ஏறிப் போனாள். லொரெத்தோ பின்னாலேயே ஓடி மாத்திரைப் பையை எவெலியோ கையில் திணித்துவிட்டுத் திரும்பினார்.

"தலைவி, அந்தப் பொண்ணு உள்ள போயிடுச்சு," என்றேன். "தீவுக்குத் திரும்ப அதுக்கு நாளைக்குச் செவில்ல விமானம் இருக்குன்னு சொல்லுச்சே. கூப்பிடட்டுமா?"

கசில்தா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "பேசிட்டிருக்காங்கடா. குறுக்க போகாதே."

சங்கு ஊதியது. பாலத்தை எடுத்தார்கள். கப்பல் தன் பாட்டுக்கு ஒரு விரல், ஒரு முழம், ஒரு தெரு அகலம் என்று விலகியது. கொஞ்சம் கழித்துத்தான் மேல்தட்டில் கொவா தெரிந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், மறுபடி எங்களைப் பார்த்தாள். தலைவியின் போன் அடித்தது.

"மேடம், கப்பல் நகருதா?"

"நாங்க நின்ன இடத்துலதான் இருக்கோம்மா," என்றார் கசில்தா.

அந்தப் பக்கம் அவள் அப்பாவிடம் ஏதோ சொல்வதும், அவர் சிரிப்பதும், கொஞ்சம் பொறுத்து அவளும் சிரிப்பதும் காற்றில் விட்டுவிட்டுக் கேட்டது. கடைசியாக, அந்த பஸ் அம்மா யார், என் அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்து வைக்கும்படி எங்களுக்கு அடுத்த வேலையைக் கொடுத்துவிட்டு வைத்தாள்.

சனிக்கிழமை கப்பல் தீவைச் சேர்ந்தது. கடல் மோசமாக இருந்திருக்கிறது. அந்த மாத்திரை ஒன்றுகூட எவெலியோவுக்குத் தேவைப்படவில்லை, மூன்று பெட்டியும் மகளுக்கே போனது. வழியெல்லாம் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, கப்பலில் கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் என்ன அர்த்தம் என்று அவர் சொல்லிக்கொண்டு வந்தாராம். எஞ்சின் அறைக்குப் போய் ஆள் பிடித்துக் கேட்டுவந்து சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை எங்களுக்கு ஒரு படம் அனுப்பினான். மணப்பெண் இன்னும் லேசாகப் பச்சை நிறத்தில் அப்பாவின் தோளில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஒட்டகம். எவெலியோ மட்டும் அப்போதுதான் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி பளிச்சென்று இருந்தார்.

அடுத்த வாரக் கப்பலில் அவர் திரும்பினார். காதிஸில் இறங்கி ஊருக்கு ரயிலேற வேண்டும். துறைமுகத்திலிருந்து ரயில் நிலையம் கூப்பிடுகிற தூரம்தான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். லொரெத்தோ வழிகாட்டக் கூடவே கிளம்பினார்.

அது வசந்த காலத்தில். இப்போது இலையுதிர்காலம் முடியப் போகிறது. இருவரும் இன்னும் ரயில் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை.